உங்கள் பகுதி ஜி.பி. சர்ஜரி: பதிவு முதல் மருந்து வரை அறிந்திருக்க வேண்டியவை

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த ஒருவரிடம் "முதலில் சர்ஜரியில் போய்ப் பதிந்துகொள்ளுங்கள்" என்று சொன்னால் திகைத்துப் போவார். ஊரில் சர்ஜரி என்றால் அறுவைச் சிகிச்சை. இங்கே அது ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கும் இடத்தின் பெயர்.

பெயர் மட்டுமல்ல, நடைமுறையும் வேறு. ஊரில் காய்ச்சல் என்றால் தெருமுனை கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்காருவோம். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், எலும்புக்கு ஒரு டாக்டர் என்று நாமே தேர்ந்தெடுத்து நேரே போவோம். இங்கே பெரும்பாலான நிபுணர்களிடம் ஜி.பி. பரிந்துரைத்து அனுப்பினால்தான் போக முடியும். வீட்டில் ஒருவருக்கு உடம்பு மோசமான பிறகு "எந்த சர்ஜரிக்குப் போவது?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்பவர்கள் நம்மில் அதிகம். அந்தத் தாமதத்துக்குப் பல நேரங்களில் பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இக்கட்டுரை இங்கிலாந்தின் நடைமுறையைச் சொல்கிறது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சில விதிகள் மாறும்.

யார் பதியலாம்?

இங்கிலாந்தில் வசிக்கும் எவரும் ஜி.பி.யிடம் இலவசமாகப் பதியலாம். மாணவர், வேலை விசாவில் வந்தவர், விசா காலம் முடிந்தவர், புகலிடம் கோரியவர் என்ற வேறுபாடு இல்லை. டாக்டரைப் பார்க்கவும் கட்டணம் இல்லை.

பாஸ்போர்ட், விசா, வீட்டு வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது ஆகியவற்றில் எதுவும் கட்டாயமில்லை. இருந்தால் காட்டலாம். இல்லை என்பதற்காக உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஓர் அறையில் பலர் தங்கியிருப்பதால் தம் பெயரில் எந்த ரசீதும் இல்லாத மாணவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

சர்ஜரி உங்களைச் சேர்க்க மறுப்பதற்குச் சில நியாயமான காரணங்கள் உண்டு. உங்கள் வீடு அவர்களது எல்லைக்கு வெளியே இருக்கலாம். புதிய நோயாளிகளைச் சேர்ப்பதையே அவர்கள் நிறுத்தியிருக்கலாம். எந்தக் காரணமானாலும் 14 நாட்களுக்குள் அதை எழுத்தில் தர வேண்டும். "எழுத்தில் கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்டாலே பல இடங்களில் பேச்சு மாறிவிடும்.

பதிவை என்.ஹெச்.எஸ். இணையதளத்திலேயே செய்யலாம். இல்லையேல் சர்ஜரியில் பதிவுப் படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்பலாம். உங்களுக்கென்று 10 இலக்க என்.ஹெச்.எஸ். எண் ஒன்று இருக்கும். அது தெரியாவிட்டாலும் பதியலாம்.

ஊரிலிருந்து உம்மா, வாப்பா வந்தால்

24 மணி நேரத்துக்கு மேலும் 3 மாதத்துக்குக் குறைவாகவும் ஒரு பகுதியில் தங்குபவரைத் தற்காலிக நோயாளியாகச் சேர்த்துக்கொள்ளலாம். விசிட் விசாவில் வந்த பெற்றோருக்கும் ஜி.பி.யைப் பார்ப்பது இலவசமே.

மருத்துவமனையின் கதை வேறு. அவசரச் சிகிச்சைப் பிரிவில் தரும் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வார்டில் சேர்த்துவிட்டால், விசிட் விசாவில் வந்தவரிடம் என்.ஹெச்.எஸ். செலவில் 150 விழுக்காடு வரை வசூலிக்கப்படும். நீண்டகால விசாவில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கும்போதே சுகாதாரக் கட்டணம் செலுத்திவிடுவதால் (2024 பிப்ரவரி முதல் ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776 பவுண்டு) அவர்களுக்கு இந்தச் சுமை இல்லை. பெற்றோரை அழைக்கும்போது பயணக் காப்பீடு எடுப்பதை வீண் செலவு என்று நினைக்காதீர்கள்.

அவர்கள் உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துவரச் சொல்லுங்கள். ஊரில் நாம் சொல்லும் கம்பெனிப் பெயர் இங்குள்ள டாக்டருக்குத் தெரியாது. அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப்பெயரும் அளவுமே அவருக்குத் தேவை.

அப்பாயின்ட்மென்ட் வாங்குவது எப்படி?

சர்ஜரிகள் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 மணி முதல் மாலை 6.30 வரை இயங்கும். காலை 8 மணிக்குப் போன் செய்து வரிசையில் காத்திருப்பது இங்கே அன்றாடக் காட்சி. ஆனால் போன் ஒன்றுதான் வழி என்பதில்லை. 2025 அக்டோபர் 1 முதல், அவசரமல்லாத கோரிக்கைகளுக்கான இணையப் படிவத்தை வேலை நேரம் முழுவதும் திறந்து வைக்கச் சர்ஜரிகள் கடமைப்பட்டுள்ளன. ஆங்கிலத்தில் போனில் பேசத் தயங்குபவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. நிதானமாக எழுதி, தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அனுப்பலாம்.

பகலில் வேலைக்குப் போகிறவர்கள் மாலை 6.30க்குப் பிறகோ சனிக்கிழமையோ நேரம் கேட்கலாம். பக்கத்து சர்ஜரிகள் சேர்ந்து இந்த நேரங்களை வழங்குகின்றன. அதனால் உங்கள் சர்ஜரிக்குப் பதில் அருகிலுள்ள வேறொன்றுக்குப் போக வேண்டியிருக்கலாம்.

வரவேற்பில் இருப்பவர் "என்ன பிரச்சினை?" என்று கேட்பார். "இவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?" என்று நம்மவர்கள், குறிப்பாகப் பெண்கள், "உடம்பு சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். யாருக்கு இன்றே டாக்டர் வேண்டும், யாருக்கு நர்ஸ், பார்மசிஸ்ட் அல்லது பிசியோதெரபிஸ்ட் போதும் என்று பிரிப்பதற்காகவே அந்தக் கேள்வி. அவரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்தான். "உடம்பு சரியில்லை" என்றால் இரண்டு வாரம் கழித்து நேரம் கிடைக்கலாம். "மூன்று நாளாகக் காய்ச்சல், அடிவயிற்றில் வலி, சிறுநீரில் இரத்தம்" என்றால் அன்றே பார்க்க வாய்ப்பு அதிகம். எங்கே, எத்தனை நாளாக, கூடுகிறதா குறைகிறதா என்ற மூன்றையும் சொல்லுங்கள். எல்லோர் முன்னிலையிலும் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். "பெண்கள் தொடர்பானது" என்று மட்டும் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.

டாக்டருக்கு ஒதுக்கப்படுவது வழக்கமாக 10 நிமிடம்தான். முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். நெஞ்சு வலியைக் கடைசி நிமிடத்தில் கதவருகே நின்று சொல்லும் பழக்கம் ஆபத்தானது. சொல்ல வேண்டியவை நிறைய இருந்தால் இரட்டை நேரம் கேட்டு வாங்குங்கள்.

மொழி, பெண் மருத்துவர்

ஆங்கிலம் சரளமாக வராதவருக்கு மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்து தருவார்கள். நேரம் வாங்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் போன் வழியாக அவர் இணைவார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப்போகாதீர்கள். தாய் தன் உடல்நிலையைப் பிள்ளையின் வாயால் சொல்லும்போது பாதி விஷயம் மறைக்கப்படும், மீதி தவறாகப் போகும். கணவர் மொழிபெயர்க்கும்போதும் சில செய்திகள் வெளியே வராமல் போகலாம்.

பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். உடனடி நிலையில் கிடைக்காமல் போகலாம். மற்ற நேரங்களில் இயன்றவரை ஏற்பாடு செய்வார்கள். உடலை ஆராயும்போது துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைப் பெரும்பாலும் பெண் நர்ஸ்தான் செய்வார். 25 முதல் 64 வயது வரையிலான பெண்களுக்கு இதற்கான அழைப்பு வரும். கூச்சத்தால் அந்தக் கடிதத்தை ஒதுக்கி வைக்காதீர்கள். புற்றுநோயாக மாறும் முன்பே கண்டுபிடிக்கும் பரிசோதனை இது.

ஜி.பி.யிடம் பதிந்தவர்களுக்கே இத்தகைய அழைப்புகள் வரும். 40 முதல் 74 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை உடல்நலப் பரிசோதனை, 50 வயதிலிருந்து 71 வரை பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை, 50 முதல் 74 வரை வீட்டுக்கே அனுப்பப்படும் குடல் புற்றுநோய்ப் பரிசோதனைப் பெட்டி ஆகியவை அவற்றில் சில. தெற்காசியருக்கு நீரிழிவும் இதய நோயும் வரும் அபாயம் அதிகம் என்பதால் 40 வயதுப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

ஜெலட்டின், நோன்பு, உம்ரா

குழந்தைகளுக்கு மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்தில் பன்றி ஜெலட்டின் உள்ளது. அதற்காகத் தடுப்பூசியையே வேண்டாம் என்று விடுகிற பெற்றோர் உண்டு. ஜெலட்டின் இல்லாத ஊசி கேட்டால் கிடைக்கும். மாத்திரைக் கேப்சூல்களைப் பற்றியும் பார்மசிஸ்டிடம் கேளுங்கள். மாற்று இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார். கேட்காமல் மருந்தை நிறுத்துவதுதான் தவறு.

நீரிழிவு உள்ளவர்கள் ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே சர்ஜரியில் நேரம் வாங்குங்கள். இன்சுலின் அளவையும் மாத்திரை நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். சிலருக்கு நோன்பே ஆபத்து என்று டாக்டர் சொல்லக்கூடும். முதல் நோன்பன்று தாமாகவே மருந்தைக் குறைத்துக்கொள்வது சர்க்கரை தாறுமாறாகி மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஹஜ், உம்ராவுக்குத் தேவையான மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பயணத்துக்காகப் போடப்படும்போது என்.ஹெச்.எஸ்.ஸில் இலவசமில்லை. பணம் செலுத்திப் பயண கிளினிக்கிலோ பார்மசியிலோ போட்டுக்கொள்ள வேண்டும். சவூதியில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசிகள் இலவசம். ஆறு வாரமாவது முன்பே கேளுங்கள்.

மருந்தும் பார்மசியும்

சிறு நோய்களுக்குச் சர்ஜரியில் காத்திருக்கத் தேவையில்லை. 2024 ஜனவரி 31 முதல் ஏழு நோய்களுக்குப் பார்மசிஸ்டே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக் உட்பட மருந்து தரலாம். தொண்டை வலி, சைனஸ், குழந்தைகளின் காது வலி, பூச்சிக்கடிப் புண், தோலில் வரும் இம்பெட்டைகோ புண், அக்கி, 16 முதல் 64 வயது வரையிலான பெண்களின் சிறுநீர்த் தொற்று ஆகியவை அந்த ஏழு.

டாக்டர் எழுதும் ஒவ்வொரு மருந்துக்கும் 2024 மே முதல் 9.90 பவுண்டு கட்டணம். 16 வயதுக்கு உட்பட்டோர், முழுநேரம் படிக்கும் 16 முதல் 18 வயதினர், 60 வயதை எட்டியோர் கட்ட வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கும் பிரசவத்துக்குப் பின் 12 மாதம் வரை தாய்மார்களுக்கும், மருந்து எடுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும், தைராய்டு குறைபாட்டுக்கு மருந்து எடுப்போருக்கும் இலவசம். ஆனால் கர்ப்பிணிகளும் இந்த நோயாளிகளும் விலக்குச் சான்று வைத்திருக்க வேண்டும். அதற்குச் சர்ஜரியில் கேளுங்கள். சான்று இல்லாமல் இலவசம் என்று கையெழுத்திட்டால் பின்னர் அபராதக் கடிதம் வரும்.

விலக்கு இல்லாதவர்கள் ஆண்டுக்கு 12 மருந்துகளோ அதற்கு மேலோ வாங்குவதாக இருந்தால் 114.50 பவுண்டுக்கு முன்பணச் சான்று எடுப்பது லாபம். வருமானம் குறைந்தவர்கள் ஹெச்.சி. 1 படிவம் நிரப்பி உதவி கேட்கலாம். தொடர் மருந்துகளை என்.ஹெச்.எஸ். செயலியிலேயே கேட்டு, அருகிலுள்ள பார்மசிக்கு அனுப்பச் செய்யலாம். கடைசி மாத்திரை தீரும்வரை காத்திருக்காமல் ஒரு வாரம் முன்பே கேளுங்கள்.

சர்ஜரி மூடியிருந்தால்

இரவிலும் வார இறுதியிலும் 111 என்ற எண்ணை அழையுங்கள். எந்த மொழி வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். நெஞ்சு வலி, முகம் கோணுதல், கை தூக்க முடியாமை, பேச்சு குழறல், மூச்சுத் திணறல், நிற்காத இரத்தப்போக்கு என்றால் யோசிக்காமல் 999.

சர்ஜரியின் சேவையில் குறை இருந்தால் முதலில் அங்குள்ள மேலாளருக்கு எழுதுங்கள். நடந்த 12 மாதத்துக்குள் எழுதுவது நல்லது. பதில் திருப்தியில்லை என்றால் நாடாளுமன்ற, சுகாதார ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். புகார் செய்ததற்காக உங்களைப் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது.

பேசத் தயங்கும் ஒரு காரணம்

2024 செப்டம்பர் 9 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மரணச் சான்று நடைமுறை மாறியுள்ளது. கொரோனர் எனப்படும் மரண விசாரணை அதிகாரியிடம் போகாத ஒவ்வொரு மரணத்தையும் மெடிக்கல் எக்ஸாமினர் என்ற சுயேச்சையான மருத்துவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். காரணத்தை எழுதும் மருத்துவர், இறந்தவரை உயிரோடு இருந்தபோது கவனித்தவராக இருக்க வேண்டும். வீட்டில் இறந்த பெரியவரை எந்த ஜி.பி.யும் பார்த்ததில்லை என்றால் விஷயம் பெரும்பாலும் கொரோனரிடம் போகும். ஜனாஸாவை விரைந்து அடக்கம் செய்ய விரும்பும் குடும்பம் அந்த நேரத்தில் படும் தவிப்பு சாதாரணமானதல்ல. நீண்டகால நோயுள்ள பெரியவர்கள் ஒரு ஜி.பி.யின் பார்வையில் தொடர்ந்து இருப்பது அவர்களின் சிகிச்சைக்கும் அவசியம், பிந்திய அந்த வேளைக்கும் உதவும்.

புதிதாக வந்த மாணவரோ, கேர் ஹோமில் வேலைக்கு வந்த குடும்பமோ உங்கள் தெருவில் இருந்தால், "ஜி.பி.யில் பதிந்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் ஜும்ஆ முடிந்து கூட உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். அரைமணி நேர வேலைதான்.