நெற்றித் தோலில் உருவான நாசி

வண்டலூர்–வாலாஜாபாத் நெடுஞ்சாலையில் ஒரகடத்தைக் கடந்து மேற்கே சென்றால் காஞ்சிபுரத்தையும் அதனையடுத்த பொள்ளிலூரையும் அடையலாம். 1780 செப்டம்பரில் ஹைதர் அலீ, திப்பு சுல்தான் ஆகியோரின் படைகள் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்த களம் அது. அவ்வெற்றியைப் பெருமிதத்துடன் நினைவுகூரும் நாம், மைசூர்ப் போர்களின் மற்றொரு பக்கத்தையும் வாசித்தாக வேண்டும்.

1792ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் தரப்பில் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் துண்டிக்கப்பட்டார் என்று 1794 அக்டோபர் மாத 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' எனும் இலண்டன் இதழ் எழுதிற்று. இது பகைவர் தந்த செய்தி என்பது மெய்யே. அதற்காகவே அதைத் தள்ளிவிடுவது அறிவு நேர்மையாகாது. உறுப்புகளைச் சிதைக்கும் 'முஸ்லா'வை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, அதைச் செய்தவர் எவராயினும் நாம் நியாயப்படுத்த இயலாது.

ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், புனே அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதிய மூக்கை அமைத்தார். மெழுகால் மூக்கின் வடிவைச் செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடிட்டார். அவ்வளவு தோலையும் உரித்து, புருவங்களுக்கிடையே ஒரு சிறு காம்பை மட்டும் அறுக்காமல் விட்டார். இரத்த ஓட்டம் அக்காம்பின் வழியே தொடர்ந்ததால், கீழே திருப்பிப் பொருத்திய தோல் உயிருடன் ஒட்டியது. சுமார் 25ஆம் நாளில் காம்பு அறுக்கப்பட்டது. இதனை வாசித்த கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் 1814இல் இலண்டனில் இம்முறையைக் கையாண்டார்.

கன்னத் தோலால் மூக்கமைக்கும் முறையைச் சுசுருதர் முன்பே விளக்கியிருந்தார். அவரது நூலை, பர்மகீ அமைச்சர் யஹ்யா இப்னு காலிதின் விருப்பப்படி மன்கா என்ற இந்திய மருத்துவர் பக்தாதில் பெயர்த்தளித்தார் என்று இப்னு நதீம் குறிப்பிடுகிறார். அறிவு எவரிடமிருப்பினும் அதனைத் தேடிப் பெற்ற காலம் அது.

இன்று ஒரகடத்தின் தொழிற்சாலைகளுக்கு இருசக்கர வாகனத்தில் விரையும் ஓர் இளைஞர் விபத்தில் முகம் சிதைந்தால், தோலையும் சதையையும் இரத்த ஓட்டத்தோடு நகர்த்திப் பொருத்தும் அதே நெறி அவருக்கு உதவுகிறது. இது இறைவனின் படைப்பை மாற்றுவதாகாதா என நம்மிடம் வினவுவோர் உண்டு. குலாப் போரில் மூக்கிழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொருத்திய வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது, தங்கத்தால் செய்துகொள்ளுமாறு பெருமானார் (ஸல்) பணித்ததை அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்கின்றனர். ஆண்களுக்கு விலக்கப்பட்ட தங்கமே அங்கு அனுமதிக்கப்பட்டது. இழந்த முகத்தை மீட்டளிப்பது ஆடம்பரமன்று. மனித கண்ணியத்தைக் காப்பதே ஆகும்.