அங்கே யார் இருக்கிறார்கள்?

சிலாபத்தில் ஒரு பிள்ளைக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், என்ன படிப்பு என்று விசாரிப்பதற்கு முன்பே தாய்மார் கேட்பது ஒன்றுதான்: "அங்க ஆரு இருக்காங்க, டீச்சர்?" ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற பிறகு, இந்தப் பிள்ளைகளின் விண்ணப்பக் கடிதங்களைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். படிவங்களில் உள்ள எந்தக் கேள்வியும் இதற்கு ஈடாகாது. கடல் கடந்து படிக்கப் போன நம்மவர் வரலாற்றை இந்தக் கேள்வியை வைத்தே எழுதிவிடலாம்.

பீட்டர் பிலிப் யூரியான் குவின்ட் ஒண்டாட்ஜிக்கு இதற்கு நல்ல விடை இருந்தது. 1659இல் தஞ்சாவூரிலிருந்து வைத்தியராகக் கொழும்புக்கு வந்த ஒருவரின் வழித்தோன்றல் அவர். 1758இல் கொழும்பில் பிறந்தார். தாய் ஒல்லாந்துப் பெண். தகப்பனார் ஒல்லாந்தில் இறையியல் படித்துத் திரும்பி, கொழும்பில் தமிழ்ச் சபையின் போதகராக இருந்தவர். ஆகவே நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் போன அந்தப் பையனுக்கு ஒல்லாந்து பாதி சொந்த நாடு. உத்ரெக்டிலும் லெய்டனிலும் படித்தார். 1780களில் உத்ரெக்ட் நகர ஆட்சியில் மக்களுக்குப் பங்கு கேட்டெழுந்த தேசபக்தர் இயக்கத்தின் முன்னணித் தலைவராகவும் ஆனார். 1787இல் பிரஷ்யப் படை வந்து அந்த இயக்கத்தை நசுக்கியபோது நாட்டைவிட்டே ஓட வேண்டியிருந்தது. போன ஊரின் அரசியலுக்காக ஊரை இழக்கும் அளவுக்கு ஒரு மாணவர் அங்கே வேரூன்றினார் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

எங்கள் கரையின் பெரிய அறிஞர் சைமன் காசிச்செட்டியோ படிப்புக்காகக் கடல் தாண்டியவரல்லர். 1807இல் கற்பிட்டியில் பிறந்து, சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்து 1860இல் மறைந்தார். இங்கிருந்தபடியே பல மொழிகளைக் கற்று, தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். அறிவு வெளிநாட்டில்தான் கிடைக்கும் என்று சொல்வோரிடம் அவர் பெயரைச் சொல்வேன்.

1869இல் சூயெஸ் கால்வாய் திறந்தது. அடுத்த ஆண்டே பொன்னம்பலம் அருணாசலம் அரச புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரிக்குப் போனார். அவருடைய தாய்மாமன் முத்துக்குமாரசுவாமி 1863இலேயே இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானவர்; குடும்பத்துக்கு அந்த நகரம் பழக்கப்பட்டிருந்தது. 1875இல் அருணாசலம் இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவாகித் திரும்பினார். 1906இல் இந்நாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று சங்கம் அமைத்துப் போராடியவரும் அவரே. கேம்பிரிட்ஜில் தமக்குக் கிடைத்தது, கப்பற்கூலி இல்லாத பிள்ளைக்கும் கிடைக்க வேண்டுமென்று நினைத்தார். பல்கலைக்கழகக் கல்லூரி 1921இல் வந்தது, முழுப் பல்கலைக்கழகம் 1942இல்.

காசும் குடும்பப் பெயரும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் ஒக்ஸ்போர்ட் நினைவுகள் மறுமொழி சொல்லும். 1921இல் கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்குப் போன அவர், தொடக்க நாட்களின் தனிமையை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மாணவர் யூனியன் மேடையில் பேச்சாளராகப் பெயர் வாங்கிய பிறகுதான் அங்கே அவருக்கு இடம் உண்டானது.

இனி, எனக்கு மிகவும் நெருக்கமானவரிடம் வருகிறேன். ஊர்காவற்றுறையில் 1913இல் பிறந்த சேவியர் ஸ்தனிஸ்லாஸ், பின்னாளில் தனிநாயகம் அடிகள், கொழும்புக் குருமடத்திலிருந்து 1934இல் உரோமாபுரிக்கு அனுப்பப்பட்டார். அவரை ஏற்றுக்கொண்டது திருச்சபை. அவர் சேர்ந்த உர்பான் கல்லூரி 1627 முதல் உலகெங்குமிருந்து குருமாணவர்களைச் சேர்த்து வந்த இடம். வகுப்புகள் இலத்தீனில், தெருவில் இத்தாலியன், பக்கத்துக் கட்டிலில் வேறொரு கண்டத்துப் பையன். சோற்றுக்கும் படுக்கைக்கும் குறையில்லை. ஆனாலும் அவரும் உடன்படித்த தமிழ் மாணவர்களும் சேர்ந்து அங்கே ஒரு கழகம் தொடங்கினார்கள். அதற்கு வீரமாமுனிவரின் பெயரை வைத்தார்கள்.

இந்தப் பெயரை நான் எளிதில் கடந்துபோக மாட்டேன். வீரமாமுனிவர் இத்தாலியர்; 1680இல் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து, தமிழ் ஆசிரியர்களிடம் மாணவராக உட்கார்ந்து, 'தேம்பாவணி' பாடும் அளவுக்குத் தேர்ந்தவர். இத்தாலிக்குப் போன தமிழ்ப் பையன்கள், எதிர்த்திசையில் பயணம் செய்த அந்தப் பழைய மாணவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்கள். அங்கே யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு இவ்வளவு அழகான விடையை வேறு எவரும் கண்டுபிடித்ததில்லை என்பது என் கணிப்பு.

தனிநாயகம் 1938இல் குருவானார். பிறகு திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் ஆசிரியப்பணி. முப்பது வயது தாண்டிய பிறகு, 1945இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்க மறுபடியும் மாணவரானார். 1950களில் இலண்டனில் கலாநிதிப் பட்டத்துக்காக இன்னொரு முறை. 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழ், 1964இல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. உரோமாபுரியில் அந்தக் கழகத்தைக் கூட்டிய கைதான் இவற்றையும் கூட்டியது.

சிலாபத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. என் அம்மம்மா செபமாலையைத் தமிழில் சொன்னவர். 1960களை ஒட்டி இந்தக் கரையோரப் பாடசாலைகள் பல சிங்கள மொழிமூலத்துக்கு மாறின. இன்று அதே குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. சிங்களம் கற்றதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதற்காகத் தமிழை விட்டதில்தான் வருத்தம்.

வெளிநாடு போய்ப் படிக்க எங்கள் இளமையில் கடைசியாக ஒரு வாசல் திறந்திருந்தது. மொஸ்கோவில் 1960இல் தொடங்கி, மறு ஆண்டு பத்ரிஸ் லுமும்பா பெயர் பெற்ற பல்கலைக்கழகம். முதல் வருடம் முழுக்க ரஷ்ய மொழி. உதவிப்பணம், விடுதி எல்லாம் சோவியத் அரசு கொடுத்தது. பின்னாளில் ஜே.வி.பி.யைத் தொடங்கிய ரோகண விஜேவீர அங்கே மருத்துவம் படிக்கப் போனவர். போய் வந்த சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் டாக்டர்களாகவும் எஞ்சினியர்களாகவும் இந்த நாட்டில் வேலை செய்தார்கள்.

இன்றைய பிள்ளைக்குக் குடும்பத்தைத் தவிர ஆளில்லை. தென்னங்காணி ஈட்டுக்குப் போகிறது, தாயின் நகை அடகுக்கடைக்குப் போகிறது. பிரித்தானிய விசாவுக்குக் காட்டும் பணம் 28 நாள் வங்கியில் அசையாமல் கிடக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலந்தான் வேலை செய்யலாம். அவுஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. பிள்ளை விமானம் ஏறும்வரைதான் ஏஜென்சிக்காரர் தொலைபேசியை எடுப்பார். இது அநியாயம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

நான் அனுப்பிவைத்த சில பிள்ளைகள் இங்கிலாந்தில் ஒரே நகரத்தில் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவரை விமான நிலையம் போய்க் கூட்டிவருவது, வாடகை முற்பணத்தைச் சேர்ந்து போடுவது, எந்தக் கடையில் பழைய குளிர்கோட்டு மலிவென்று காட்டுவது எல்லாம் இப்போது அவர்கள் பொறுப்பு. ஞாயிறு பூசைக்குப் பிறகு கூடுகிறார்களாம். சிலாபத்தாரும் பக்கத்து ஊர் உடப்பாரும், சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோருமாக. உடப்புப் பெண்பிள்ளை ஒருத்தி மற்றவர்களுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். தாங்கள் கூடும் இந்தச் சங்கத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் டீச்சர் என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். வீரமாமுனிவர் பெயரையும், அது முதலில் எந்த ஊரில் யார் வைத்தது என்பதையும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.