இங்கிலாந்துப் பள்ளிகளும் உள்ளாட்சிப் பொறுப்பும்

இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளை உள்ளாட்சி மன்றங்களிடமிருந்து விலக்குவது பற்றிய விவாதத்தில், அம்மன்றங்களின் பொறுப்பு தொன்றுதொட்டு நிலவுவதுபோல் பேசப்படுவதுண்டு. அதுவும் ஒரு கைமாற்றத்தால் வந்ததே. 1870ஆம் ஆண்டுச் சட்டம் தோற்றுவித்த பள்ளி வாரியங்களுக்கு வரி செலுத்திய பெண்களும் வாக்களித்தனர். பெண்கள் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1902ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாரியங்களைக் கலைத்துக் கல்வியை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. அம்மன்றங்களுக்கோ 1907 வரை பெண்கள் போட்டியிட இயலவில்லை. கல்விக் குழுக்களில் நியமன இடமே அவர்களுக்கு எஞ்சியது. இவ்விழப்பைச் சிறிதெனக் கொள்வதற்கில்லை.

2016 மார்ச்சில் வெளியான வெள்ளையறிக்கை, எல்லாப் பள்ளிகளையும் நடுவண் அரசின் நேரடி நிதியில் அறக்கட்டளைகள் நடத்தும் ‘அகாடமி’களாக்க முனைந்தது. நிர்வாகக் குழுக்களில் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்க்குரிய கட்டாய இடத்தையும் நீக்கக் கருதியது. ஆளுங்கட்சியின் உள்ளாட்சி உறுப்பினர் பலரே எதிர்த்தனர். மே மாதத்தில் அனைத்துப் பள்ளிகளுக்குமான கட்டாயம் கைவிடப்பட்டது. பள்ளிகள் அகாடமிகளாக மாறுவது நிற்கவில்லை.