கூண்டு கப்பலுக்கு: புயல்களை ஒப்பிடுவது பற்றி

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண் உண்டு. எட்டு, ஒன்பது, பத்து என்றால் பெரும் ஆபத்து. பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோச்சு என்று அர்த்தம். 1864ல் கல்கத்தாவைப் புயல் அழித்தது. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கு அடுத்த வருஷம், 1865ல், அந்தத் துறைமுகத்தில்தான் இந்த எச்சரிக்கை முறை முதலில் வந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் கரையில் இருந்தவர்கள். கூண்டு ஏறியதோ கப்பலுக்காக. வெள்ளைக்காரன் சரக்கு கப்பலில்தானே இருந்தது.

எங்கள் தாத்தா சென்னை ஹார்பரில் கரி அள்ளிய கூலி. கூண்டு எண் அவருக்கும் தெரியும், ஆனால் வேறு கணக்கில். பெரிய நம்பர் ஏறினால் கப்பல் எல்லாம் ஆழக் கடலுக்குப் போயிடும், கப்பல் போனால் வேலை இல்லை, வேலை இல்லை என்றால் அடுப்பு இல்லை. "காத்து வர்றதுக்கு முன்னாடியே பசி வந்துடும் கண்ணு" என்று ஆயா இப்பவும் சொல்லும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், புயல்களை ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் எல்லாரும் கப்பல்காரன் கணக்கையே இன்றைக்கும் கையில் வைத்திருக்கிறார்கள். எது பெரிய புயல் என்று கேட்டால் காற்றின் வேகத்தைச் சொல்கிறார்கள். நம் வானிலைத் துறைக் கணக்கில் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல், 89ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118ஐத் தொட்டால் அதி தீவிரம், 222ஐத் தாண்டினால் சூப்பர் புயல். அமெரிக்காவில் சாஃபிர் என்ற பொறியாளரும் சிம்ப்சன் என்ற வானிலை அறிஞரும் 1970களின் தொடக்கத்தில் போட்ட அளவுகோல் ஒன்றிலிருந்து ஐந்து வரை போகிறது. அதுவும் காற்றைத்தான் அளக்கிறது. அந்த எண்ணுக்குள் மழை கிடையாது, கடல் ஏறி வருவது கிடையாது, யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது கிடையவே கிடையாது.

நம் கரையை எடுத்துக்கொள்வோம். சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் கட்ட 1875ல் அடிக்கல் நாட்டினார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்த அதே காலத்தில் கடலுக்குள் கல் இறங்கியது. அதே பஞ்சத்தில் நிவாரண வேலை என்ற பெயரில் பட்டினி ஜனங்களை வைத்து வெட்டியதுதான் கூவத்துக்கும் அடையாறுக்கும் நடுவில் உள்ள கால்வாய்த் துண்டு. அதற்கு அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பெயரை வைத்தார்கள். வெட்டியவன் பெயர் எதிலும் இல்லை. 1881 நவம்பரில் ஒரு புயல், முடியப்போகிற துறைமுகச் சுவரில் அரை மைலுக்கு மேல் அடித்துக்கொண்டு போனது. வரலாற்றுப் புத்தகங்கள் இதைப் பெரிய நஷ்டமாக எழுதுகின்றன. மறுபடி கட்டினார்கள். பிறகு பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் கிழக்குப் பார்த்த வாயிலை மூடி வடகிழக்குக்கு மாற்றினார்கள்.

அந்தப் புத்தகங்கள் எழுதாத நஷ்டம் ஒன்று இருக்கிறது. நம் கடலில் மணல் வருஷம் பூராவும் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. மொத்தக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் தெற்கே மணல் குவிந்தது. அதுதான் மெரினா. உலகத்திலேயே நீளமான கடற்கரைகளில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் நம்மைப் படிக்க வைத்தார்களே, அதே மெரினா. வடக்கே மணல் வராமல் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று வரிசையாகத் தின்றது. வீடு போச்சு, கோயில் போச்சு, தெரு போச்சு. மெரினாவில் காற்று வாங்குகிறவன் காலடியில் கிடப்பது ராயபுரத்துக்கு வந்திருக்க வேண்டிய மணல். கல்லைக் கொட்டிச் சுவர் வைத்தார்கள். 2004 வாக்கில் கடலுக்குள் நீட்டிக் கல் தடுப்புகள் போட்டார்கள். எண்ணூரில் 2001ல் இன்னொரு துறைமுகம் திறந்தார்கள், அதற்கும் வடக்கே அரிப்பு தொடங்கியது. மணல்மேடு இருக்கிற கரையில் அலை மேட்டில் மோதித் தணியும். மேட்டைப் பிடுங்கிக்கொண்ட கரையில் அதே அலை வாசற்படிக்கு வரும். இரண்டு கரைக்கும் புயலின் எண் ஒன்றுதான்.

1966 நவம்பர் 3ஆம் தேதிப் புயலை ஆயா பார்த்திருக்கிறது. அப்போது ராயபுரம் கரையோரச் சேரியில் குடிசை. அந்தப் புயலைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் மெரினாவில் தரை தட்டிய கப்பல்களைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஊரே போய் வேடிக்கை பார்த்தது. ஆயா சொல்வது: "கப்பல் கவுந்தத நானும் பாக்கத்தான் போனேன். திரும்பி வந்தா, குடிசை இருந்த எடத்துல கடல் இருக்குது. கப்பலுக்கு போலீஸ் காவல் போட்டாங்க. எங்களுக்கு ஸ்கூல்ல ரெண்டு நாள் கஞ்சி ஊத்துனாங்க, அதுவும் எங்கள வெளி வராண்டாவுல ஒக்கார வெச்சி." அதற்குப் பிறகு குடும்பம் திருவொற்றியூர், பிறகு எர்ணாவூர் என்று வடக்கே வடக்கே தள்ளிக்கொண்டே போனது.

நான் என் கண்ணால் பார்த்த இரண்டு புயல்களுக்கு வருகிறேன்.

2016 டிசம்பர் 12, வர்தா. 1994 அக்டோபர் 31ல் அடித்த புயலுக்குப் பிறகு சென்னையை நேராகத் தாக்கிய பெரும்புயல் என்றார்கள். உண்மைதான். மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. புயலின் கண் ஊரைக் கடந்தபோது கொஞ்ச நேரம் சப்தமே இல்லை, பிறகு எதிர்த் திசையிலிருந்து அடித்தது. ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. பத்திரிகைகள் எல்லாம் மரத்துக்காக அழுதன. அழட்டும், மரம் போனால் அழ வேண்டியதுதான். ஆனால் எங்கள் தெருவில் விழுவதற்கு மரமே கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுதான் பறந்தது. ஷீட்டு விலை ரெண்டு மடங்கு ஏறியது, கரண்டு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆச்சு. பிறகு எழுந்துவிட்டோம்.

2023 டிசம்பர், மிக்ஜாம். இது சென்னைக் கரையைத் தொடவே இல்லை. 3, 4 தேதிகளில் கடலிலேயே ஊர்ந்து, 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரை ஏறியது. சென்னைக்குள் அடித்த காற்றை வர்தாவோடு பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் இரண்டு நாளில் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கூடவே ஏரிகளிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர். ஊரின் வடக்குப் பக்கத்து மழைநீர் பெரும்பாலும் கொசஸ்தலையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் தேடி வரும். முகத்துவாரத்தைச் சுற்றி அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலை மதில்களும் துறைமுகமும். தண்ணீர் போக வழி எங்கே?

அந்தத் தண்ணீரில் எண்ணெய் வந்தது. மணலியில் உள்ள சென்னை பெட்ரோலிய நிறுவனத்தின் வளாகத்திலிருந்து வெளியேறிய எண்ணெய் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. கால்வாய் வழியாக ஆற்றுக்கு வந்து, காட்டுக்குப்பம் போன்ற மீனவக் கிராமங்களுக்கு வந்து, வலை, படகு, வீட்டுச் சுவர், அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. ஆற்றில் இறங்கி எண்ணெய் அள்ளியவர்கள் அந்த மீனவர்களேதான், வாளியும் மக்கும் வைத்துக்கொண்டு. எண்ணெய் பூசிய கூழைக்கடாவின் படம் நாடு பூரா போனது. எண்ணெய் பூசிய கைகளின் படம் பிறகுதான் வந்தது. அந்த மாதமே, 26ஆம் தேதி ராத்திரி, பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் அமோனியாக் குழாய் கசிந்து ஜனங்கள் மூச்சு முட்டிப் பாதி ராத்திரியில் தெருவில் ஓடினார்கள். அதைப் புயல் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன். மூன்று வாரம் வெள்ளத்திலும் எண்ணெயிலும் கிடந்த ஜனங்கள் அவர்கள்.

ஆயாவிடம் எது பெரிய புயல் என்று கேட்டேன். "வர்தா வந்துச்சு, போச்சு. இது போவவே இல்லியே" என்றது.

இது நம் ஊர்ப் புலம்பல் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1969ல் மிசிசிப்பி கரையை அடித்த கமில் ஐந்தாம் வகைப் புயல். செத்தவர்கள் 250 பேருக்குக் கொஞ்சம் மேலே. 2005 ஆகஸ்ட் 29ல் கத்ரீனா கரை ஏறியபோது அது மூன்றாம் வகை. பின்னால் குறைத்துத் திருத்திய கணக்கிலேயே செத்தவர்கள் 1,300க்கு மேல். நியூ ஆர்லியன்ஸில் கால்வாய்ச் சுவர்கள் உடைந்து முழுகிய கீழ் ஒன்பதாவது வார்டு கறுப்பர்கள் குடியிருப்பு. தப்பித்து ஆற்றுப் பாலத்தைக் கடந்து பக்கத்து ஊருக்குப் போக வந்தவர்களை அந்த ஊர்ப் போலீஸ் துப்பாக்கி காட்டித் திருப்பி அனுப்பியது. அதே புயலில் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சுத்திகரிப்பு ஆலையின் தொட்டியிலிருந்து பத்து லட்சம் காலன் எண்ணெய் வெள்ளத்தில் கலந்து 1,800 வீடுகளில் புகுந்தது. மணலிக்கும் அதற்கும் வித்தியாசம் என்ன? அங்கே பெரும்பாலும் வெள்ளைத் தொழிலாளர்கள். வழக்குப் போட்டு 33 கோடி டாலர் வாங்கினார்கள்.

இன்னும் பின்னால் போனால் 1928 செப்டம்பர், ஃபுளோரிடாவில் ஓக்கிசோபி ஏரிப் புயல். மண்கரை உடைந்து 2,500 பேருக்கு மேல் செத்தார்கள். முக்கால்வாசிப் பேர் வயல் வேலைக்கு வந்த கறுப்புக் கூலிகள். சவப்பெட்டி போதவில்லை, இருந்த பெட்டிகள் வெள்ளைப் பிணங்களுக்கு. கறுப்பு ஆண்களைத் துப்பாக்கி முனையில் பிணம் தூக்க வைத்தார்கள். வெஸ்ட் பாம் பீச் ஊரில் 69 வெள்ளையர்களுக்குக் கல்லறையில் இடம், 674 கறுப்பர்களுக்கு ஒரே குழி. பல பத்தாண்டுகள் அந்தக் குழிமேல் ஒரு கல்கூட இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையை அள்ள வெளிமாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை லாரியில் ஏற்றி வந்தார்களே, கையுறைகூட இல்லாமல் அள்ளினார்களே, அவர்கள் எந்தச் சாதி என்று நான் சொல்லித் தெரிய வேண்டுமா? அந்த வெள்ளத்துக்குப் பெயர் வைக்க ஒரு புயல்கூடக் கிடையாது. காற்றழுத்தத் தாழ்வுதான், அளவுகோலில் பூஜ்யம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. ஆற்றோரத்து ஜனங்களை அதைக் காரணம் காட்டியே பெரும்பாக்கத்துக்கு அள்ளிப்போனார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1999 அக்டோபர் 29ல் ஒடிசாவை அடித்த சூப்பர் புயலில் செத்தவர்கள் பத்தாயிரம் பேர் அளவுக்கு. 2013ல் அதே ஒடிசாவில் பைலின், மணிக்கு 200 கிலோமீட்டர் காற்று. சாவு ஐம்பதுக்குள் நின்றது. காரணம், கிட்டத்தட்ட பத்து லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள், கட்டிய காப்பகங்கள் இருந்தன. ஆக, அரசு நினைத்தால் சாவைக் குறைக்கலாம். ஆனால் 2019ல் ஃபானி வந்தபோது புரி மாவட்டத்தில் தலித் குடும்பங்களைக் காப்பகத்துக்குள் விடாமல் விரட்டினார்கள் என்று செய்தி வந்தது. 1966ல் ஆயா உட்கார்ந்த வராண்டா அப்படியேதான் இருக்கிறது.

எண்ணூர் எண்ணெய்க்கு அரசு நிவாரணம் அறிவித்தது. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000, பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பத்துக்கு 7,500. படகு இல்லாமல், வலை இல்லாமல், சேற்றில் இடுப்பளவு இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். மீன் வாங்கித் தலையில் தூக்கி விற்கிற நம் பெண்கள் இருக்கிறார்கள். ஆற்றங்கரையில் வேலை, ஆனால் எந்தச் சங்கப் புத்தகத்திலும் பெயர் இல்லை. அவர்கள் எந்த வரிசையில் நிற்பது?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வீடு வீடாகப் போய் எழுதத் தொடங்கியிருக்கிறோம். காற்று எவ்வளவு என்று கேட்பதில்லை. தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, எத்தனை நாள் நின்றது, எத்தனை நாள் கூலி போச்சு, யார் உள்ளே விட்டார்கள், யார் விடவில்லை, அள்ளியது யார், பிறகு எங்கே குடிபோனீர்கள் என்று கேட்கிறோம். முதல் நோட்டில் முதல் பக்கம் ஆயாவுடையது. 1966க்கு நேராக "ரெண்டு நாள் கஞ்சி" என்று இருக்கிறது.