தாழொலிப் பெட்டி (மகிழுந்து)

தாழொலிப் பெட்டி என்பது சப்வூபர் எனப்படும் தாழ் அதிர்வெண் ஒலிபெருக்கியைப் பொருத்துவதற்கான மூடிய மரப்பெட்டி ஆகும். ஏறத்தாழ 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை இவ்வகை ஒலிபெருக்கி எழுப்புகிறது. நான்கு தந்திகள் கொண்ட பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த சுரம் 41.2 ஹெர்ட்ஸ் என்பதைக் கொண்டு இவ்வெல்லையை உணரலாம். சிறிய மகிழுந்தில் இப்பெட்டியின் கொள்ளளவை எவ்வாறு தேர்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. விழுப்புரம், திண்டிவனம் பகுதியின் சாலையும் தட்பவெப்பமும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளன.

பெட்டியின் பணி

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னோக்கி நகரும்போது முன்புறம் காற்று அழுத்தப்படுகிறது. பின்புறம் அழுத்தம் குறைகிறது. எதிரெதிரான இவ்விரு அலைகளும் கலந்தால் தாழொலி பெரும்பாலும் அழிந்துவிடும். பின்புற அலையை அடைத்து வைப்பதே பெட்டியின் முதற்பணி. உள்ளே அடைபட்ட காற்று ஒரு சுருள்வில் போலவும் செயற்படுகிறது. பெட்டி சிறிதானால் இவ்வில் விறைப்பாகி ஒத்ததிர்வு எண் உயரும். இக்காற்று வில்லையே முதன்மையாகக் கொண்ட ஒலிபெருக்கியை 1954இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் அறிமுகப்படுத்தினார்.

கொள்ளளவைக் கணக்கிடும் முறை ஆத்திரேலியாவில் உருவானது. நெவில் தீல் 1961இல் வெளியிட்ட ஆய்வையும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு சுமால் 1970களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகளையும் ஒட்டி, ஒலிபெருக்கியின் இயல்பைக் குறிக்கும் எண்கள் தீல்-சுமால் அளவுருக்கள் எனப்படுகின்றன.

கணக்கீடு

தரவுத்தாளில் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும். தனித்த ஒத்ததிர்வு எண் எஃப்.எஸ் என்றும், கூம்பின் நெகிழ்வுக்கு இணையான காற்றின் கொள்ளளவு வி.ஏ.எஸ் என்றும், மொத்தத் தரக்காரணி கியூ.டி.எஸ் என்றும் குறிக்கப்பட்டிருக்கும். பெட்டியில் பொருத்திய பின் அமையும் தரக்காரணி 0.707 ஆனால் ஒலி எந்த இடத்திலும் மேடிடாமல் சீராக இருக்கும். தேவையான கொள்ளளவுக்கான சமன்பாடு:

கொள்ளளவு = வி.ஏ.எஸ் ÷ ((விரும்பும் தரக்காரணி ÷ கியூ.டி.எஸ்)² − 1)

வி.ஏ.எஸ் 40 லிட்டர், கியூ.டி.எஸ் 0.45, எஃப்.எஸ் 30 ஹெர்ட்ஸ் கொண்ட ஒரு 10 அங்குல ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம். 0.707ஐ 0.45ஆல் வகுத்தால் 1.571, அதன் இருபடி 2.468, ஒன்றைக் கழித்தால் 1.468. 40ஐ இதனால் வகுக்கக் கிடைப்பது 27.2 லிட்டர். பெட்டியில் ஒத்ததிர்வு எண் 30 × 1.571, அதாவது 47 ஹெர்ட்ஸ்.

இதே ஒலிபெருக்கியை 40 லிட்டர் பெட்டியில் வைத்தால் ஒத்ததிர்வு எண் 42 ஹெர்ட்ஸாகவும், 20 லிட்டரில் 52 ஆகவும், 15 லிட்டரில் 57 ஆகவும் அமையும். 15 லிட்டரில் தரக்காரணி 0.86, ஒலி மேடிடும் அளவு அரை டெசிபல் மட்டுமே. இதைக் காதால் பிரித்தறிவது கடினம். பெட்டியை 20இலிருந்து 40 லிட்டராக இரட்டிப்பதால் கிடைப்பதோ 10 ஹெர்ட்ஸ்தான்.

கடைகளில் "பத்து இஞ்சுக்கு இந்தப் பெட்டி" என்று விட்டத்தை மட்டும் கொண்டு பெட்டி தருவது வழக்கம். ஒரே விட்டமுள்ள இரு ஒலிபெருக்கிகளின் வி.ஏ.எஸ் மதிப்பு பெரிதும் வேறுபடலாம் என்பதால் இது நம்பத்தக்க முறையன்று.

வாகன அறையின் பங்கு

சிறிய காரில் சிறிய பெட்டி போதுமானதாவதற்கு முதன்மைக் காரணம் காரின் உள்ளறையே. அறையின் நீளம் அலைநீளத்தின் பாதியைவிடக் குறைவாகும்போது உள்ளே அலை பரவுவதில்லை. அறை முழுவதும் ஒருசேர அழுத்தம் ஏறி இறங்குகிறது. 30 பாகை செல்சியசில் ஒலியின் வேகம் வினாடிக்கு 349 மீட்டர். உள்நீளம் 2.4 மீட்டர் எனில் இவ்வெல்லை 73 ஹெர்ட்ஸ் ஆகும். அதற்குக் கீழே அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் கோட்பாட்டின்படி 12 டெசிபல் ஆதாயம் உண்டு. மூடிய பெட்டியோ தன் ஒத்ததிர்வு எண்ணுக்குக் கீழே அதே 12 டெசிபல் வீதத்தில் இறங்குகிறது. ஆகவே ஒன்றின் இழப்பை மற்றது ஈடுசெய்கிறது. கதவிடுக்குகளும் மெல்லிய தகடுகளும் இருப்பதால் நடைமுறையில் ஆதாயம் குறையும். விக்கிரவாண்டி அருகே கண்ணாடியை இறக்கினால் தாழொலி சட்டென மெலிவதை எவரும் கேட்டறியலாம்.

துளையுள்ள பெட்டி தன் இசைவு எண்ணுக்குக் கீழே 24 டெசிபல் வீதத்தில் இறங்குவதுடன் கூடுதல் இடத்தையும் கேட்கும். எனவே சிறு காருக்கு அது பெரும்பாலும் பொருந்துவதில்லை.

பெரிய பெட்டியே நல்லது என்னும் எண்ணம், மயிலம், மேல்மலையனூர் போன்ற ஊர்களின் திருவிழாக்களில் காணும் மைக் செட் பெட்டிகளிலிருந்து வந்திருக்கலாம். அவை திறந்தவெளிக்கானவை. அங்கே உதவ அறை இல்லாததால் பெரிய பெட்டி தேவைப்படுகிறது.

இடமும் மரமும்

நிகரக் கொள்ளளவுடன் ஒலிபெருக்கியின் உடலுக்கும் உள் தாங்குகட்டைகளுக்குமாக 3 லிட்டர் சேர்க்க வேண்டும். 27 லிட்டர் பெட்டிக்கு உள்ளளவு 46 × 30 × 22 செ.மீ. ஆகக் கொள்ளலாம். 18 மி.மீ. பலகையில் செய்தால் வெளியளவு 49.6 × 33.6 × 25.6 செ.மீ.; அது அடைக்கும் இடம் 43 லிட்டர். 2023இல் உற்பத்தி நின்ற மாருதி ஆல்ட்டோ 800இன் பின்பெட்டி 177 லிட்டர்தான். ஏறத்தாழ கால் பங்கு இசைக்கே போய்விடும். 15 லிட்டர் பெட்டி 27 லிட்டர் இடத்தோடு நின்றுவிடும். குடும்பத்துடன் ஊருக்குச் செல்வோர்க்கு இவ்வேறுபாடு ஒரு பயணப்பை. இயற்கை எரிவாயு உருளை பொருத்திய கார்களில் இந்தக் கணக்கு மேலும் இறுகும். பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் பெட்டி சற்றுப் பெரிதானது போல் செயற்படும்.

எம்.டி.எஃப் பலகை அடர்த்தியானது, வெட்ட எளிது. ஆனால் ஈரம் பட்டால் உப்பும். மரக்காணம் கடற்கரைக்கு அண்மையிலும் வடகிழக்குப் பருவமழையின் பாதையிலும் உள்ள இப்பகுதிக்கு மெரைன் பிளை எனப்படும் நீர்தாங்கு ஒட்டுப்பலகை ஏற்றது. இணைப்புகளில் காற்றுக் கசிவு இருந்தால் மேற்கண்ட கணக்கு எதுவும் பொருந்தாது.

பாதுகாப்பு

ஒலிபெருக்கியுடன் 27 லிட்டர் பெட்டியின் எடை ஏறத்தாழ 15 கிலோ. மோதலில் புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு எதிர்முடுக்கம் ஏற்பட்டால், கட்டப்படாத பெட்டி பின்னிருக்கையின் மீது 300 கிலோ எடைக்கு நிகரான விசையைச் செலுத்தும். அவ்விருக்கையில் பெரும்பாலும் அமர்பவர்கள் குழந்தைகள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரையிலான ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவும் வேகமான நெடுஞ்சாலை ஆதலால், பெட்டியைத் தளத்துடன் திருகாணியால் பிணைப்பது கட்டாயம் எனலாம். பல சிறு கார்களில் மாற்றுச் சக்கரம் பின்பெட்டித் தளத்தின் கீழே இருப்பதால், பிணைப்பு சில நிமிடங்களில் கழற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

ஒலி மாசு

இந்தியாவின் ஒலி மாசு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிடுகின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு ஆகும். இவ்வளவீடு ஏ-நிறை முறையில் எடுக்கப்படுகிறது. இம்முறை 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்தே கணக்கிடும். இதனால் அளவி காட்டும் எண் வரம்புக்குள் இருந்தாலும், குறுகிய தெருவில் நிற்கும் காரின் தாழொலி அடுத்த வீட்டுச் சுவரைக் கடந்து கேட்கக்கூடும்.