மரச்சாவி

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பெரிய அசௌகரியம் உண்டு. நடக்கக்கூடியதைத்தான் அவன் எழுத வேண்டும். வாழ்க்கைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அது இஷ்டப்படி எதையும் நடத்திவிட்டுப் போகும். சிறைக் கதவுகள் பத்தை, கைதிகள் மூன்று பேர், பெரும்பாலும் மரத்தில் செதுக்கிய சாவிகளைக் கொண்டே திறந்துகொண்டு, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லாமல் தெருவில் இறங்கி நடந்தார்கள் என்று நான் ஒரு தொடர்கதையில் எழுதியிருந்தால், பத்திரிகை ஆசிரியர் அந்த அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார். "வாசகர்களைக் குழந்தைகள் என்று நினைத்துவிட்டீர்களா?" என்று ஒரு வரியும் கூடவே வந்திருக்கும். ஆனால் 1979-ம் வருஷம் டிசம்பர் 11-ம் தேதி, தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரத்துச் சிறையில் இது நடந்தது.

அந்த நாட்டுச் சிறைகள் நமக்கு அந்நியமானவை அல்ல. காந்திஜி 1909-ல் பிரிட்டோரியா சிறையில் இருந்திருக்கிறார். தில்லையாடி வள்ளியம்மை அந்த நாட்டுச் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் கண்ணை மூடினாள். ஆகையால் அங்கே ஒரு சிறைக்கதவு திறந்தது என்று கேட்டால் நம் காதும் சற்றுத் தீட்டிக்கொள்ளத்தான் செய்கிறது.

டிம் ஜென்கின், ஸ்டீபன் லீ என்ற இருவரும் வெள்ளைக்கார இளைஞர்கள். கேப்டவுன் சர்வகலாசாலையில் படிக்கும்போது சிநேகிதர்களானவர்கள். தாங்கள் அனுபவித்துவரும் சுகமெல்லாம் மற்றவர் முதுகில் ஏறி அனுபவிக்கும் சுகம் என்று அவர்களுக்கு அங்கேதான் புரிந்தது. 1974-ல் லண்டனுக்குப் போய், தடை செய்யப்பட்டிருந்த ஆப்பிரிக்க தேசீய காங்கிரஸில் சேர்ந்தார்கள். ஊருக்குத் திரும்பி ரகசியமாகத் துண்டுப் பிரசுரம் பரப்பினார்கள். அந்தப் பரப்பலே ஒரு விநோதம். ஒரு பாத்திரத்தில் காகிதங்களை அடுக்கி, அடியில் சிறிதளவு வெடிமருந்து வைத்து, ஜன நடமாட்டமுள்ள இடத்தில் விட்டுவிட்டு வருவார்கள். குறித்த நேரத்தில் 'டப்'பென்று சத்தம் கேட்கும். காகிதங்கள் ஆகாயத்தில் எழும்பி ஜனங்களின் தலைமேல் விழும். ஆளைக் கொல்லாத வெடி அது. ஆனால் அந்தச் சர்க்காருக்கு அச்சடித்த காகிதமும் வெடிகுண்டும் ஒன்றுதான். 1978 மார்ச்சில் இருவரும் பிடிபட்டார்கள். ஜென்கினுக்கு 12 வருஷம், லீக்கு 8 வருஷம்.

அங்கே சிறைக்கும் நிறம் உண்டு. 1964-ல் ரிவோனியா வழக்கில் நெல்ஸன் மண்டேலாவும் அவர் தோழர்களும் ஆயுள் தண்டனை பெற்றார்கள் அல்லவா? அவர்களை ராபன் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அதே வழக்கில், அதே நாளில், அதே தண்டனை பெற்ற டெனிஸ் கோல்ட்பர்க் மட்டும் பிரிட்டோரியாவுக்குப் போனார். அவர் தோல் வெள்ளை. ஒரே குற்றம் என்று தீர்ப்புச் சொன்னவர்கள், ஒரே கூரையின் கீழ் படுக்கவிடவில்லை. ஜென்கினும் லீயும் போய்ச் சேர்ந்தபோது கோல்ட்பர்க் அங்கே பதினைந்தாவது வருஷத்தில் இருந்தார். அலெக்ஸ் மூம்பாரிஸ் என்பவரும் இருந்தார். எகிப்தில் பிறந்த கிரேக்கர். 1972-ல் கைதாகிப் பன்னிரண்டு வருஷ தண்டனை பெற்றவர். தப்பிக்க வேண்டுமென்ற பேச்சை எடுத்தவுடன் மறுபேச்சில்லாமல் கூட வந்தவர் இவர்.

ஜென்கின் சிறைக்குள் வந்த முதல் நாளிலிருந்தே வெளியே போகும் எண்ணத்தோடுதான் வந்தார். ஹென்றி ஷாரியேர் என்ற பிரெஞ்சுக் கைதி எழுதிய 'பாப்பியோன்' என்ற நூலைப் படித்து, பணத்தைச் சுருட்டிக் குழாயில் அடைத்து உடம்புக்குள்ளேயே ஒளித்துக் கொண்டுவரும் வித்தையைத் தெரிந்துகொண்டிருந்தார். புஸ்தகம் படிப்பதால் என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு இந்த உதாரணத்தைச் சொல்ல எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

இனிப் பூட்டுக்கு வருவோம். கனத்த சிறைப் பூட்டுக்குள் ரகசியம் ஒன்றும் இல்லை. உள்ளே சில தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு தகட்டை அதற்கென்று விதித்த உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைந்தாலும் ஆகாது, மிஞ்சினாலும் ஆகாது. எல்லாத் தகடுகளும் ஒரே சமயத்தில் சரியான நிலைக்கு வந்தால்தான் தாழ் நகரும். கூட்டுக் குடும்பத்தில் ஒரு கல்யாணம் நிச்சயமாவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் சரி என்று சொல்லும் நேரத்தில் நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டால் காரியம் நடக்காது. அத்தனை பேரும் ஒரே நிமிஷத்தில் தலையை ஆட்ட வேண்டும்.

இந்த ஏற்பாட்டை உடைக்க முடியாதென்று ஆங்கிலேயர் வெகுகாலம் இறுமாந்திருந்தார்கள். ஜெரமையா சப் 1818-ல் செய்த பூட்டு, யாராவது கள்ளத்தனமாகத் தொட்டால் காட்டிக்கொடுத்துவிடும். ஜோஸப் பிராமாவின் பூட்டோ லண்டன் கடை ஜன்னலில் 'திறக்கிறவனுக்கு 200 கினி' என்ற சவாலோடு அறுபது வருஷம் வீற்றிருந்தது. 1851-ல் மகா கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் சப் பூட்டைச் சில நிமிஷங்களில் திறந்தார். பிராமா பூட்டுக்கு மட்டும் பதினாறு நாட்களில் ஐம்பத்தொரு மணி நேரம் பிடித்தது. லண்டன் பத்திரிகைகள் ஏதோ கோட்டை விழுந்துவிட்டதைப் போல அலறின. ஆனால் ஹாப்ஸுக்குத் தனி அறை கொடுத்தார்கள். வேண்டிய கருவிகளைச் செய்துகொள்ள அவகாசம் கொடுத்தார்கள். ஜெயித்தால் பணம், தோற்றால் கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான். பிரிட்டோரியாவில் தோற்றால் இன்னும் பல வருஷ சிறைவாசம்.

சிறையில் தச்சுப் பட்டறை இருந்தது. கைதிகள் பகலில் அங்கே மரவேலை செய்தார்கள். மரத்துண்டுக்குப் பஞ்சமில்லை, அரம், உளி எல்லாம் சர்க்கார் செலவு. காவலர்கள் இடுப்பில் சாவிக்கொத்துக் கலகலக்க நடக்கும்போது ஜென்கின் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, சாவியின் பல்லைப் பார்த்தார். பார்த்ததை மனசில் பதித்துக்கொண்டு, தம் அறைப் பூட்டின் துவாரத்தை அளந்து, மரத்தில் ஒரு சாவி செதுக்கினார். போட்டுப் பார்ப்பது, எடுப்பது, ஒரு நூலிழை அராவுவது, மறுபடியும் போட்டுப் பார்ப்பது. இப்படியே ஒருநாள் உட்புறக் கம்பிக்கதவின் தாழ் நகர்ந்தது. பூட்டின் தகடுகளைத் தூக்குவதற்குப் பலம் வேண்டாம், அளவுதான் வேண்டும். பல்லின் உயரம் சரியாக இருந்தால், சாவி எஃகா தேக்கா என்று பூட்டு விசாரிப்பதில்லை!

கம்பிக்கதவு திறந்தால் அதற்கப்பால் இரும்புக்கதவு. அதன் பூட்டுத் துவாரம் வெளிப்புறம், தாழ்வாரத்தைப் பார்த்து இருந்தது. உள்ளே இருப்பவனுக்குச் சாவி இருந்தும் பிரயோஜனமில்லை. என்னைக் கேட்டால், இந்தச் சரித்திரத்தில் மிகவும் அழகான இடம் இதுதான். அறைக்குத் தாழ்வாரத்தை நோக்கி ஒரு ஜன்னல் உண்டு. ஜென்கின் ஒரு துடைப்பக் கழியை எடுத்து, அதன் முனையில் மரச்சாவியைப் பொருத்தி, இந்த முனையில் திருகினால் அந்த முனையில் சாவி சுழலும்படி ஒரு யந்திரம் செய்தார். ஜன்னல் வழியே கழியை வெளியே நீட்டி, கண்ணுக்குத் தெரியாத துவாரத்தைத் தடவித் தடவிக் கண்டுபிடித்துத் தம் கதவைத் தாமே வெளியிலிருந்து திறந்தார். தினமும் தரையைப் பெருக்கச் சொல்லிக் கொடுத்த துடைப்பம் அது.

ஒரு சாவி ஆனதும் அடுத்த கதவு. அதற்கொரு சாவி, அதற்கப்பால் வேறொன்று. ஒன்றரை வருஷ காலம் இதே தியானம். ராத்திரி வேளைகளில் அறையை விட்டு வெளியே வந்து, தாழ்வாரத்தில் சில கதவுகளைத் திறந்து பரீட்சித்துவிட்டு, மறுபடியும் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு தம் கொட்டடிக்குள் வந்து படுத்துக்கொள்வார்கள். திறந்த கதவைத் தாமே பூட்டிக்கொண்டு சிறைக்குள் திரும்பி வந்த அந்த ராத்திரிகளை எண்ணும்போது, தப்பிய நாளைவிட இவைதாம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன. மரச்சாவி பூட்டுக்குள் முறிந்து நின்றுவிட்டால் மறுநாள் காலையில் எல்லாம் வெளிப்பட்டுவிடும் என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு தடவையும் அதைத் திருப்ப வேண்டும்.

டிசம்பர் அங்கே கோடைக்காலம். குறித்த மாலையில் ஜென்கின், லீ, மூம்பாரிஸ் மூவரும் புறப்பட்டார்கள். காவலுக்கு இருந்த அதிகாரியை அந்தச் சமயத்தில் வேறு பக்கம் இழுத்து நிறுத்தியவர் கோல்ட்பர்க். இந்த ஏற்பாட்டில் ஆரம்பத்திலிருந்தே அவருக்குப் பங்குண்டு. ஆனால் அவர் போகவில்லை. கூட்டம் பெருத்தால் எல்லாரும் அகப்படுவார்கள் என்று தெரிந்து ஒதுங்கிக்கொண்டு, மற்றவர்களை அனுப்பிவைத்தார். ஆயுள் தண்டனைக்காரர்! மற்ற மூவருக்கும் என்றாவது ஒரு தேதியில் கதவு திறக்கும். இவருக்குத் தேதியே இல்லை. காவலரிடம் அவர் பேசிக்கொண்டிருந்த அந்த நிமிஷங்களில் கீழே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. காது அங்கேயும் வாய் இங்கேயுமாக ஒரு மனுஷன் நின்றிருக்கிறாரே, அந்த நிலையை எழுத எனக்கு நாலு அத்தியாயம் வேண்டும்.

ஒன்பது கதவுகளைக் கடந்தார்கள். தெருவாசலான பத்தாவது கதவு மட்டும் கொண்டுவந்த சாவி எதற்கும் மசியவில்லை. ஒன்றரை வருஷ நுணுக்கமெல்லாம் அந்த இடத்தில் கைவிட்டுவிட்டது. கடைசியில் மூம்பாரிஸ் உளியை எடுத்துக் கதவு நிலையின் மரத்தைக் கொத்தினார். அத்தனை நாள் ஓசைப்படாமல் அராவியவர்கள், காவலரின் செவிக்கெட்டும் தூரத்தில் சாதாரணக் கன்னக்கோல் திருடர்களைப் போல மரத்தைப் பிளக்க வேண்டியதாயிற்று. கதவு திறந்தது. தெருவில் ஓடவில்லை, நடந்தார்கள். பிறகு ஒரு டாக்ஸியைப் பிடித்துக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் பக்கம் போனார்கள். லீ தனி வழியில் பிரிந்தார். மற்ற இருவரும் ஸ்வாஸிலாந்து எல்லையைத் தாண்டி மொஸாம்பிக் சேர்ந்தார்கள். அந்த ஸ்வாஸிலாந்துக்கு இப்போது எஸ்வாத்தினி என்று பெயர். மூவரில் ஒருவரும் மறுபடி பிடிபடவில்லை.

கோல்ட்பர்க் 1985-ல்தான் வெளியே வந்தார். பலாத்காரத்தைக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டால் விடுதலை என்று ஜனாதிபதி போத்தா அந்த வருஷம் ஒரு நிபந்தனை விதித்தார். மண்டேலா மறுத்தார், கோல்ட்பர்க் ஏற்றுக்கொண்டார். அதற்காக அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. இருபத்திரண்டு வருஷம் உள்ளே இருந்தவரை, அதிலும் ஒரு தடவை கதவு திறக்கும் வழி கண்ணெதிரே இருந்தும் பிறருக்கு விட்டுக்கொடுத்தவரை, வெளியே இருந்துகொண்டு குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் 2020-ல் காலமானார். அதே வருஷத்தில்தான் இந்தத் தப்பித்தலை வைத்து எடுத்த சினிமாப் படம் வெளிவந்தது. படத்தில் வேகம் இருக்கிறது. அராவும் பொறுமையைக் காட்ட எந்தப் படத்தாலும் முடியாது.

லண்டன் போய்ச் சேர்ந்த ஜென்கின் சாவித் தொழிலை விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1980-களின் கடைசியில் 'வூலா' என்ற ரகசிய முயற்சிக்காக, தென்னாப்பிரிக்காவுக்குள் இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும் சங்கேதத்தில் செய்தி அனுப்பிக்கொள்ளக் கம்ப்யூட்டர் மூலம் ஒரு ஏற்பாடு செய்தார். அந்தச் சாமான்களை எல்லை தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தவள் டச்சு விமானக் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண். செய்தியைப் பூட்டவும் திறக்கவும் இரு பக்கத்திலும் எண்கள் நிறைந்த தட்டுகள் இருந்தன. இந்தத் தடவையும் சாவியை ஒளித்து வைக்கும் கவலை இருந்தது. ஒரு செய்திக்கு உபயோகித்த எண்களை மறுபடி தொடக்கூடாது; உடனுக்குடன் அவற்றைத் தட்டிலிருந்தே அழித்துவிடுவார்கள்.