பாரசீக வியாகரணம் பிறந்த விதம்

ஒரு பாஷைக்கு இலக்கணம் வகுப்பவர்கள் அதைப் பிறப்பிலேயே பேசுகிறவர்களாக இருப்பார்கள் என்று எண்ணுவது இயல்பே ஆயினும், பாரசீகத்தின் விருத்தாந்தம் அவ்வெண்ணத்திற்கு இசைந்ததன்று. எட்டாம் நூற்றாண்டில் பாரசீக தேசத்திற் பிறந்து பஸ்ராவில் வாழ்ந்த சீபவைஹி என்னும் பண்டிதர், அரபு பாஷைக்கு மகத்தானதோர் இலக்கணத்தை இயற்றினாரேயன்றித் தம் தாய்பாஷைக்கு இயற்றினாரில்லை.

மொகலாய சாம்ராஜ்யத்தில் பாரசீகம் ராஜபாஷையாக விளங்கியபோது, அதைக் கற்றுச் சர்க்கார் உத்தியோகம் பெற விரும்பிய காயஸ்தர் முதலிய ஹிந்துக்களின் பிள்ளைகளும், மக்தபு என்னும் பள்ளிக்கூடங்களில் ‘ஆமத் நாமா’ என்ற சிறு நூலைக் கொண்டு வினைச்சொற்களின் ரூபங்களை உருப்போட்டு, 1258இல் ஸஅதி இயற்றிய ‘குலிஸ்தான்’ முதலியவற்றை வாசித்து, கடிதம் வரையும் முறைகளைப் பிரதி செய்தே தேர்ச்சி அடைந்தார்கள்.

இந்தியாவிலிருந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் உத்தியோகஸ்தர்களுக்கோ தங்களுக்கு வரும் பாரசீகக் கடிதங்களைத் தாங்களே வாசிக்க இயலவில்லை. அவற்றை வாசித்துக் காட்டிய முன்ஷிகளை முற்றும் நம்பவும் மனம் வரவில்லை. இந்தச் சங்கடத்தையே காரணமாகக் காட்டி, வில்லியம் ஜோன்ஸ் 1771இல் லண்டனில் தமது பாரசீக இலக்கணத்தை வெளியிட்டார். 1800இல் வெல்லெஸ்லி பிரபு கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியை ஸ்தாபித்தார். அங்கே போதித்த லம்ஸ்டன் 1810இல் மிக விரிவான இலக்கணம் ஒன்றை அச்சிட்டார்.

வாக்கிய அமைப்பில் ஆங்கிலேயருக்கு விசித்திரமாகத் தோன்றிய பல விஷயங்கள் நமக்கு அப்படித் தோன்றுவதில்லை. ‘மன் கிதாப் ரா பெ ஹஸன் தாதம்’ என்றால், ‘நான் புத்தகத்தை ஹசனுக்குக் கொடுத்தேன்’ என்று பொருள். வினை இறுதியில் நிற்கிறது. அதன் ‘அம்’ என்ற விகுதியே தன்மை ஒருமையைக் காட்டுகிறது. ‘ரா’ நமது ஐகாரத்தைப் போலப் பெயரின் பின்னே வருகிறது. ஏதோ ஒரு புத்தகம் வாங்கினேன் என்னும்போது ‘ரா’ வேண்டுவதில்லை. இன்ன புத்தகத்தை என்று குறித்துச் சொல்லும்போதே அது தோன்றும். ஆனால் ‘ஹசனின் புத்தகம்’ என்பதோ ‘கிதாபெ ஹஸன்’ என்று தலைகீழாகி விடுகிறது. இரு சொற்களையும் பிணைக்கும் அந்த எகரக் குறில் எழுத்தில் பெரும்பாலும் வருவதே இல்லை. அது எங்கே ஒலிக்க வேண்டும் என்பதை வாசிப்பவனே பொருளறிந்து நிச்சயிக்க வேண்டும். பட்டங்களும் விசேஷணங்களும் தொடர்ந்து கோக்கப்பட்ட தர்பார்க் கடிதத்தில் இது எளிதான காரியமன்று. ஆகையால் விதிகளை அச்சுப் புத்தகத்தில் கற்றவனும், உரக்க வாசித்துக் காட்ட ஒரு முன்ஷியை நாடியே தீர வேண்டியிருந்தது. வில்லியம் கோட்டைக் கல்லூரியிலும் ஐரோப்பியப் பேராசிரியர்களின் கீழ் முன்ஷிகள் நியமிக்கப்பட்டிருந்தார்கள்.

1837ஆம் வருஷத்துச் சட்டத்தினால் நியாயஸ்தலங்களில் பாரசீகத்தின் இடத்தைப் பிரதேச பாஷைகள் பெறவே, இங்கே அக்கல்வியின் அவசியம் குன்றிற்று. ஈரானியரான மீர்ஸா ஹபீப் இஸ்பஹானி, ‘தஸ்தூரே ஸுகன்’ என்ற இலக்கண நூலை 1872இல் வெளியிட்டதும் ஈரானில் அன்று. நாடு துறந்து அவர் ஆசிரியராக வாழ்ந்த இஸ்தான்புல்லில்தான். ‘இது ஏன் இப்படி வருகிறது?’ என்று அன்னிய மாணாக்கன் கேட்ட இடங்களிலேயே பாரசீக வியாகரணம் பெரிதும் வளர்ந்திருக்கிறது.